அம்மிச்சியின் ஸ்படிக மாலை

போன கார்த்திகையில் ஒரு சோமவாரம். விடிகாலை ஐந்து மணி இருக்கும். பூஜை அறையில் உட்கார்ந்து ஜபத்தில் பாதி தாண்டியிருப்பேன். கையில் இருந்த மாலை திடீரென்று தொய்ந்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் மணிகள் மடியில் கொட்டி, மடியிலிருந்து தரையில் சிதறி, பீரோவுக்கு அடியிலும் வாசற்படி தாண்டிக் கூடத்திலும் உருண்டு ஓடின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாலை என் அம்மிச்சியுடையது. கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அம்மிச்சி என்போம். அவர் கழுத்திலும் கையிலுமாக நாற்பது வருஷம் இருந்த மாலை, அவர் போன பிறகு அம்மாவிடம் வந்தது, அம்மா எனக்குக் கொடுத்தார். அது அறுந்தவுடன் வயிற்றைக் கலக்கியது. அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "நூல் மக்கிப் போச்சு, அறுந்துச்சு. இதுல என்ன சகுனம்? மணியெல்லாம் எண்ணிப் பாத்தியா கண்ணு?" என்றார்.

எண்ணினேன். டார்ச் அடித்துத் தேடி, துடைப்பத்தால் கூட்டி, மறுபடி எண்ணினேன். மாலையின் தலையில் தனியாக நிற்கிற குருமணி கிடைத்துவிட்டது. 108 மணியில் 103 தான் தேறியது. மீதி ஐந்தும் குளியலறைச் சாக்கடை வழியாகப் போயிருக்க வேண்டும்.

சரி, ஐந்து மணிதானே, கடையில் வாங்கிக் கோர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஐந்து மணியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்படிகமோ வேறு கல்லோ, கழுத்திலோ பூஜையிலோ வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஸ்படிகம் என்றால் என்ன என்று எனக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இமயமலையில் பனி உறைந்து கல்லானது என்று கடைகளில் சொல்வார்கள். பழைய கிரேக்கர்களும் அப்படித்தான் நம்பினார்கள். கிறிஸ்டல் என்ற பெயரே பனிக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உண்மையில் ஸ்படிகம் என்பது நிறமில்லாத, தெளிவான குவார்ட்ஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. பாறை வெடிப்புகளில் சூடான நீர் புகுந்து, அதில் கரைந்திருக்கும் சிலிக்கா மெல்ல மெல்லப் படிந்து, ஆறு முகம் கொண்ட கட்டியாக வளர்கிறது. இமயமலையிலும் கிடைக்கும், பிரேசிலிலும் மடகாஸ்கரிலும் கிடைக்கும்.

எங்கள் தோட்டத்திலும் கிடைக்கும்! இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. காங்கயம் பக்கம் காட்டில் காலை வைக்கிற இடமெல்லாம் வெள்ளையாக வெங்கச்சாங்கல் கிடக்கும். சின்ன வயதில் ராத்திரி கரண்ட் போனால், போர்வைக்குள் புகுந்துகொண்டு இரண்டு வெங்கச்சாங்கல்லை உரசுவோம். கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் மினுங்கும். மூக்கில் ஒரு கருகல் வாசம் அடிக்கும். அந்த வெங்கச்சாங்கல்லும் அம்மிச்சி கழுத்தில் இருந்த ஸ்படிகமும் ஒரே பொருள்தான். ஒன்று நெருக்கடியில், நுண்ணிய நீர்க்குமிழும் வெடிப்பும் கலந்து வளர்ந்ததால் பால்போல் வெளுத்துவிட்டது. இன்னொன்றுக்கு இடமும் அவகாசமும் கிடைத்துத் தெளிந்துவிட்டது.

நம் ஆட்களுக்கு இந்தக் கல் புதிதல்ல. நொய்யல் கரையில் சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். அங்கே தோண்டியபோது ஸ்படிகம், பச்சைக்கல், சிவப்பாக இருக்கிற சூதுபவளம் என்று மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. துளை போடாத மணி, பாதி தீட்டிய மணி எல்லாம் கிடைத்திருக்கிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் எடுத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு கால அபிஷேகம். ராமேசுவரத்தில் விடியும் முன்னே ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரிசை நிற்கும்.

தமிழில் இதற்குப் படிகம் என்றும் பளிங்கு என்றும் பெயர். இன்று பளிங்கு என்றால் மார்பிள் என்று ஆகிவிட்டதால் குறளைப் படிக்கும்போது குழம்புகிறோம். "அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்" என்பதில் வருவது மார்பிள் கிடையாது, இந்தத் தெளிந்த கல். பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் சிவக்கும், வில்வத்தை வைத்தால் பசக்கும். சைவ சித்தாந்தத்தில் உயிருக்கு ஸ்படிகத்தைத்தான் உவமை சொல்வார்கள். எதைச் சார்கிறதோ அதன் நிறமாகிவிடும். ஜபத்துக்கு ஏன் நிறமில்லாத கல்லைத் தேர்ந்தார்கள் என்று அம்மிச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "நம்ம மனசும் அப்படி இருக்கணும்னுதான்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

கடைக்கு வருவோம். முதலில் போன கடையில் கடைக்காரர் மாலையை எடுத்து வைத்தவுடன் சோதனை காட்டினார். இருட்டாக்கிவிட்டு இரண்டு மணியை உரசினார், பளிச்சென்று மினுங்கியது. "அசல் ஸ்படிகம்தாம்மா பொறி விடும்" என்றார். வெங்கச்சாங்கல்லில் விளையாடியவளுக்கு அந்த வெளிச்சம் தெரியும். குவார்ட்ஸ் உரசினால் மினுங்கும் என்பது நிஜம். ஆனால் சோதனைக்கு என்று கடையில் எடுத்து வைத்திருக்கிற இரண்டு மணி மினுங்கினால், எனக்குக் கொடுக்கிற 108 மணியும் அதுவே என்று எப்படிச் சொல்வது? அதோடு உரசிய இடத்தில் மணி கீறிப் போகும். அடுத்த கடையில் தண்ணீர் டம்ளருக்குள் மாலையைப் போட்டு, "பாருங்க, தண்ணிக்குள்ள மறைஞ்சுடுச்சு" என்றார்கள். அது மறையவில்லை, மங்கியது. தெளிந்த கண்ணாடி மணியைப் போட்டாலும் அப்படித்தான் மங்கும். இந்த இரண்டு சோதனையையும் வைத்துக்கொண்டு யாரும் மாலை வாங்காதீர்கள்.

எனக்கு ஏற்கெனவே ஒரு காயம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் ஒரு கோயில் ஊரில் ஸ்படிக லிங்கம் என்று வாங்கி வந்து, பிரதோஷம் தவறாமல் பாலும் பன்னீரும் அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன். மாலை அறுந்த பிறகுதான் அதையும் சோதித்துப் பார்த்தேன். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் யாரும் செய்யலாம். லிங்கத்தின் எடை 212 கிராம். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதைத் தராசின் மேல் வைத்து, முள்ளைப் பூஜ்யமாக்கிவிட்டு, லிங்கத்தை மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தில் எங்கும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். முழுக்க மூழ்க வேண்டும், மேலே காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும். தராசு 85 காட்டியது. 212-ஐ 85-ஆல் வகுத்தால் 2.49. ஸ்படிகமாக இருந்தால் 2.65 வர வேண்டும், அதாவது தராசு 80 காட்டியிருக்க வேண்டும். 2.5 என்பது சாதாரணக் கண்ணாடி. ஈயம் கலந்த கண்ணாடி என்றால் 3 அல்லது அதற்கு மேலேயே போகும்.

காஞ்சியில் ஏகாம்பரநாதர் மணல் லிங்கம்தான். மண்ணில் பிடித்து வைத்தாலும் சிவன் வருவார், கண்ணாடியில் வரமாட்டாரா? அந்த லிங்கம் இன்றும் என் பூஜையில் இருக்கிறது. ஆனால் சாமி பெயரைச் சொல்லிக் கண்ணாடியை ஸ்படிக விலைக்குக் கொடுத்தார்களே, அது மட்டும் ஆறவில்லை. அதனால்தான் இந்த முறை கல்லைப் பற்றிய உண்மை முழுதும் தெரியாமல் ஒரு மணிகூட வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

காங்கயத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா கல் பட்டறை வைத்திருந்தவர். சந்திரகாந்தக் கல் பட்டை தீட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். இப்போது எண்பதை நெருங்குகிறார், சாணையைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. கண் மங்கிவிட்டது, கை மங்கவில்லை. நான் கொண்டுபோன மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுனு இருக்கு பாரு" என்று என் கன்னத்திலும் வைத்தார். கண்ணாடியைவிடக் குவார்ட்ஸ் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், பல மடங்கு வேகமாக. அதனால் உடம்பின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, நமக்குக் குளிர்கிறது. ஸ்படிகம் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்ற பேச்சுக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன். தனியாக ஒரு மணியை வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கண்ணாடி மணி ஒன்றையும் கூடவே எடுத்துப் போய், இரண்டையும் நிழலில் ஒரே தட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைக்க வேண்டும். நாலு முறை வைத்தால் வித்தியாசம் பழகிவிடும்.

அப்புறம் துளையைப் பார்க்கச் சொன்னார். பூதக்கண்ணாடி வழியாக ஒரு ஸ்படிக மணியின் துளையை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்லுக்குத் துளை வெளியிலிருந்து போட வேண்டும். இரண்டு பக்கமும் போட்டிருந்தால் நடுவில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னத் திருகல், ஒரு படி தெரியும். துளையின் வாய் கொஞ்சம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். உள்ளே சுவர் பனி படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். பல கண்ணாடி மணிகளில் உருகும்போதே துளை விழுந்துவிடுவதால் வாய் வழவழவென்று உருண்டிருக்கும். மணியின் உடம்புக்குள்ளே பார்த்தால், இயற்கைக் கல்லில் மெல்லிய இறகுபோல், சிதறிய மேகம்போல் ஏதாவது ஒரு கோடு ஓடும். உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி, யோசிக்கவே வேண்டாம். "ஒரு மாசும் இல்லாம நூத்தியெட்டு மணி, வெலையும் கம்மின்னா, எந்திரிச்சு வந்துரு" என்றார் மாமா.

துளை வாயின் செதில்தான் நூலை அறுக்கிறது. வாங்கும்போது ஒரு பருத்தி நூலைத் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பிசிறு வந்தால் அந்த மணி வேண்டாம்.

மூன்றாவது சோதனை என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் கல் படிப்புப் படிக்கிறவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது. வீட்டில் லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, போலராய்டு கூலிங் கிளாஸை அதன் முன்னே பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்த இருட்டில், திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே மணியைப் பிடிக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடி மணி இருட்டாகவே இருக்கும், அதிகம் போனால் சாம்பலாக ஒரு நிழல். குவார்ட்ஸ் விளக்கேற்றியதுபோல் ஒளிரும். மணியை உருட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு திசையில் வானவில் வளையங்கள் தெரியும். கல்லுக்குள் அணுக்கள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்பதால், உள்ளே போகிற ஒளி இரண்டாகப் பிரிந்து வருகிறது. கண்ணாடியில் அந்த வரிசை இல்லை.

மாமா தேர்ந்து கொடுத்த ஐந்து மணியையும் அப்படிப் பார்த்தேன். ஐந்தும் ஒளிர்ந்தன. அந்த ஆனந்தத்தில் அம்மிச்சியின் மணிகளையும் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட ஆரம்பித்தேன். முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ, ஒரு மணி இருட்டாகவே இருந்தது. தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், கூலிங் கிளாஸைத் துடைத்துப் பார்த்தேன். இருட்டுதான். அன்று ராத்திரி 103 மணியையும் பார்த்து முடித்தபோது ஒன்பது மணி தனியாக ஒரு வெற்றிலைத் தட்டில் கிடந்தது.

அந்த ஒன்பதையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். துளையின் இரு பக்கமும், அடுத்த மணி வந்து இடிக்கிற இடத்தில், வட்டமாக வெளுத்துத் தேய்ந்திருந்தது. குவார்ட்ஸின் கடினம் 7, கண்ணாடிக்கு ஐந்தரை. பக்கத்தில் இருந்த ஸ்படிகங்கள் வருஷக்கணக்கில் அவற்றை அரைத்திருக்கின்றன. ஸ்படிகங்களில் அந்தத் தேய்மானம் இல்லை. இவ்வளவு காலம் கையில் உருட்டியும் நான் கவனித்ததே இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா கண்ணு, பவானி கூடுதுறையில ஒருக்கா அறுந்துச்சு. ஆத்துல முழுக்கு போடறப்ப. தண்ணிக்குள்ள போனது போனதுதான். அங்கயே கடையில மணி வாங்கிக் கோத்துக்கிட்டாங்க. நீ அப்ப பொறக்கவே இல்ல" என்றார்.

அந்த ஒன்பதை என்ன செய்வது என்று அன்று முடிவெடுக்க முடியவில்லை. டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். ராத்திரி வேலை, தூக்கமில்லை. யாரோ அமெதிஸ்ட் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "சித்தி, நீங்கதான் கல்லெல்லாம் பாக்கறீங்களே, எது வாங்கட்டுங்க? ஆன்லைன்ல ஏழு சக்கரத்துக்கும் ஏழு கல்லு வெச்சு பிரேஸ்லெட் வருதுங்க" என்றாள்.

தூக்கத்துக்கு முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். கல் மருந்தாகாது. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். கல்லை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கல்லைப் பற்றிப் பேசினோம். அமெதிஸ்ட் என்கிற செவ்வந்திக் கல்லும் குவார்ட்ஸ்தான். இரும்பு கொஞ்சம் கலந்து, பூமிக்குள்ளேயே கதிர்வீச்சும் பட்டதால் ஊதா நிறம். அதை 400, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். கடைகளில் சிட்ரின் என்று, செல்வம் சேரும் என்று, விற்கிறவற்றில் பெரும்பாலானவை அப்படிச் சுட்ட அமெதிஸ்ட்தான். இயற்கைச் சிட்ரின் வெளிறிய தேன் நிறம். தீக்கொழுந்துபோல் ஆரஞ்சாக, அடியில் வெள்ளையாக இருந்தால் சுட்டது. சுட்டது தப்பில்லை, சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

ஓபலைட் என்பது கண்ணாடி. கோல்டுஸ்டோன் என்று தங்கப்பொடி தூவியதுபோல் மினுங்குவதும் கண்ணாடி, வெனிஸ் பட்டறைகளில் பிறந்த சரக்கு. டர்க்காய்ஸ் என்று மலிவாக வருவது பல நேரம் ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றியது. பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு ஒரு ஓரத்தில் தேய்த்தால் பல சாயங்கள் பஞ்சில் வந்துவிடும். இதெல்லாம் அவள் சொன்ன ஏழு கல் பிரேஸ்லெட்டில் எத்தனை இருக்குமோ! ஏழு வேண்டாம், ஒன்று போதும் என்றேன். ஒரே ஒரு கல், கையில் அடங்குகிற அளவில், என்ன கல் என்று பெயர் சொல்லி, சூடுபடுத்தியதா சாயமேற்றியதா என்று பில்லில் எழுதித் தருகிற இடத்தில் வாங்கு. எழுதித் தரமாட்டேன் என்றால் அதுவே பதில்.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல்லைப் பற்றியும் கேட்டாள். அதுவும் குவார்ட்ஸ்தான், உடம்பில் குறையில்லை. பல கைக்கடிகாரங்களுக்குள் இருப்பது அப்படி வளர்த்த துணுக்குதான். குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கம்தான் கடிகாரம். மின்சாரம் கொடுத்தால் கல் அதிரும், வினாடிக்கு 32,768 முறை. அதை எண்ணித்தான் கடிகாரம் ஒரு வினாடி நகர்கிறது. ஜபமாலையாக நாம் எண்ணுவதற்கு வைத்துக்கொண்ட கல், மணிக்கட்டில் தானாக எண்ணிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்கத் தீரவில்லை.

"கல்லைச் சார்ஜ் பண்ண வெயில்ல வெக்கணுமாமே" என்றாள். அமெதிஸ்டையும் ரோஸ் குவார்ட்ஸையும் நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் வெளுத்துப் போகலாம். செலனைட் என்பது ஜிப்சம், நகத்தால் கீறலாம், அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மேல்பரப்பே கரைந்து மங்கிவிடும். கல்லைக் குடிதண்ணீர் பாட்டிலில் போட்டுக் குடிக்கிற பழக்கம் ஒன்று வந்திருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். மாலகைட்டின் அந்த அழகான பச்சை முழுக்கச் செம்பு. ஸ்படிகத்துக்குக்கூட வெந்நீர் ஊற்றாதீர்கள், உள்ளே ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் விரிந்துவிடும். அறை வெப்பத் தண்ணீர், துளி சோப்பு, துளையில் சேர்ந்த திருநீற்றுக்கும் எண்ணெய்க்கும் பழைய டூத் பிரஷ். போதும்.

சரி, கல்லுக்குச் சக்தி இருக்கிறதா? என்னிடம் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் 2001-ல் ஒரு சோதனையின் முடிவைச் சொன்னார். 80 பேர் கையில் கல்லைக் கொடுத்துத் தியானம் செய்யச் சொன்னார்கள், சிலருக்கு அசல், சிலருக்குப் போலி. குறுகுறுப்பு, கதகதப்பு, மனம் லேசாவது என்று இரண்டு தரப்பும் ஒரேபோலச் சொன்னார்கள். என்னென்ன தோன்றலாம் என்று முன்கூட்டியே கேள்விப்பட்டவர்களுக்கு அதிகமாகத் தோன்றியது. இதைப் படித்துவிட்டு நான் மாலையைக் கழற்றவில்லை. விடிகாலையில் அந்தக் குளிர்ச்சி விரலில் பட்டவுடன் என் மனம் உட்காரப் பழகியிருக்கிறது. சில்லென்ற ஒரு மணி, ஒரு நாமம், அடுத்த மணி. கல் செய்வது இவ்வளவுதான் என்றாலும் எனக்கு இது பெரிது. கடையில் ஒட்டியிருக்கிற பலன் பட்டியலைப் பார்த்தோ, இது இல்லாவிட்டால் ஆகாது என்று யாரோ பயமுறுத்தியோ வாங்கிய கல் எதுவும் என்னிடம் ஆறு மாதம் தாண்டியதில்லை. கையில் எடுத்தவுடன் கீழே வைக்க மனம் வராத கல்தான் நின்றது. சுக்கிரனுக்கு வைரத்துக்குப் பதில் ஸ்படிகம் என்று ஜோசியர் சொல்லி வாங்குகிறவர்கள் வாங்கட்டும், அவர்களும் கன்னத்தில் வைத்துப் பார்த்தே வாங்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவின் மூச்சில் ஒரு இழுப்பு இருக்கிறது. பேசும்போது நடுநடுவே நிறுத்துவார். "கல்லுத் தூசிம்மா" என்றார் சாதாரணமாக. குவார்ட்ஸைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ். தங்கியது திரும்பாது, குணப்படுத்தவும் வழியில்லை. குஜராத்தின் காம்பே பக்கம் தலைமுறை தலைமுறையாக அகேட் என்ற குவார்ட்ஸ் வகைக் கல்லில் மணி தீட்டுகிற குடும்பங்களில் இந்த நோயால் செத்தவர்கள் நிறைய. வீட்டுத் திண்ணையிலேயே சாணை ஓடுவதால், கல்லைத் தொடாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட அந்தத் தூசி. கொடுமணலில் கிடைத்த சூதுபவளத்துக்கும் குஜராத்திலிருந்துதான் கல் வந்திருக்கும் என்கிறார்கள். இரண்டாயிரம் வருஷமாக நம் கழுத்துக்கு மணி அனுப்புகிற கைகள். தண்ணீர் சொட்டவிட்டுத் தேய்த்தால், தூசியை உறிஞ்சும் கருவி வைத்தால் பெருமளவு தடுக்கலாம். எந்தப் பட்டறையில் தீட்டியது, ஈரத்தில் தீட்டுகிறார்களா என்று இப்போது நான் கடையில் கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. ஆனாலும் கேட்கிறேன். மன அமைதிக்காக வாங்குகிற மணி இன்னொருவர் மூச்சைத் தின்றது என்றால் அதை உருட்ட எனக்குக் கை வராது.

மாசி மாதம் மாலை கோர்க்க உட்கார்ந்தோம். மாமா வீட்டுத் திண்ணையில், மாமா சொல்லச் சொல்ல நான் கோர்த்தேன். மெழுகு தேய்த்த பட்டு நூல், இரட்டையாக. அவர் கேட்டார், "அந்த ஒம்பது கண்ணாடிக்கும் ஸ்படிகம் வாங்கிரலாமா? எங்கிட்ட இருக்குது." எடுத்தும் வைத்துவிட்டார், அழகாக ஒளிர்கிற ஒன்பது மணி.

எனக்குக் கூடுதுறைதான் கண் முன்னே வந்தது. ஈரச் சேலையோடு, அறுந்த மாலையை முந்தானையில் முடிந்துகொண்டு, கரைமேட்டுக் கடையில் மணி பேரம் பேசுகிற அம்மிச்சி. அந்தக் கடைக்காரர் ஸ்படிகம் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார். அம்மிச்சி நம்பித்தான் வாங்கியிருப்பார். அதற்கப்புறம் இத்தனை வருஷம், ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒன்பதின் மேலும் ஒவ்வொரு நாமம்.

"வேண்டாங்க மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பிடின்னா ஒவ்வொரு மணிக்கும் நடுவுல முடிச்சுப் போட்டுக் கோரு. கல்லு கண்ணாடிய இடிக்காது, இன்னும் தேயாது. ஒம்பதையும் ஒண்ணா வெச்சுரு" என்றார். அன்று மதியம் முழுக்க முடிச்சுப் போட்டேன். குருமணியிலிருந்து ஐம்பதாவது மணியில் தொடங்கி அந்த ஒன்பது.

இப்போது தினமும் ஐந்து மணிக்கு உட்காருகிறேன். விளக்கு வெளிச்சம் மட்டும்தான், மணி கண்ணுக்குத் தெரியாது. நாற்பத்தொன்பது மணி வரை விரலில் சில்லென்று வரும். அப்புறம் அந்தக் குளிர் கொஞ்சம் குறையும், ஓரத்தில் மெலிதாகச் சொரசொரக்கும். கூடுதுறை வந்துவிட்டது என்று விரலுக்குத் தெரியும்.